‘படித்தவர்கள் சண்டை, நமக்கென்ன?’ என்று கேட்போருக்கு



சென்ற மாதம் ஒரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைத்தோம். காஸாவில் அழிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்காகக் குரல் கொடுத்து வெளிநாடுகளில் கைதான பல்கலைக்கழகத் தொழிலாளர்களுக்கும் நமது சங்கம் ஆதரவு தெரிவிக்க வேண்டும் என்பதே தீர்மானம். அது நிறைவேறியது. ஆனால் கூட்டம் கலைகிற நேரத்தில் மூத்த தலைவர் ஒருவர் எழுந்து கேட்டார்:

“அரைப்பேர் போடுறத நிறுத்த முடியல. லயத்துக் கூரைத் தகரத்த மாத்த முடியல. இதுல எங்கேயோ படிக்கிற புள்ளைங்களுக்கும் பாடஞ் சொல்ற வாத்தியாருக்கும் நம்ம சந்தாக் காசுல தீர்மானமா?”

அவர் முப்பது வருடம் சந்தா கட்டியவர். வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர். அவர் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இதே கேள்வியை வேறு நோக்கத்தோடு கேட்பவர்களும் உண்டு. “சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும், போரும் அரசியலும் எங்களுக்கு விடட்டும்” என்று கம்பனிக்காரரும் அமைச்சர்மாரும் நமக்குப் புத்தி சொல்லி எத்தனை காலம்! இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

எங்கள் பதில் இதுதான்: போர்க்காலத்தில் தன் உறுப்பினரைக் கைவிடும் சங்கம், சமாதான காலத்தில் சம்பளமும் வாங்கித் தராது. 

காஸாவில் என்ன நடந்தது?

2023 ஒக்டோபர் 7 ஆம் திகதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் பண்ணைகளில் வேலை செய்த தாய்லாந்துத் தொழிலாளர்களும், நம் நாட்டிலிருந்து பிழைக்கப்போனவர்களும் இருந்தார்கள். அதை நாம் மறைக்கவில்லை. உழைக்கப்போன இடத்தில் செத்தவன் எவனானாலும் அவன் நம் ஆள்.

அதற்குப் பதில் என்று தொடங்கிய போர் காஸாவின் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முதல் 6 மாதங்களில் மட்டும் 5,479 மாணவர்களும், 261 ஆசிரியர்களும், 95 பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கொல்லப்பட்டதாக ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 6 இலட்சத்து 25 ஆயிரம் மாணவர்கள் படிக்க இடமில்லாமல் நின்றார்கள். ஒரு சமூகத்தின் கல்வியையே திட்டமிட்டு அழிக்கிறார்களா என்று அந்த நிபுணர்கள் பகிரங்கமாகக் கேட்டார்கள்.

காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவர் சுஃப்யான் தாயே ஒரு பௌதிகவியல் அறிஞர். 2023 டிசம்பர் 2 ஆம் திகதி விமானத் தாக்குதலில் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃபாத் அல்அரீர் நான்கு நாள் கழித்துக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரி 17 ஆம் திகதி இஸ்ரா பல்கலைக்கழகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஹமாஸ் இப்படியான கட்டடங்களைப் பயன்படுத்தியது என்பது இஸ்ரேலிய இராணுவம் வழக்கமாகச் சொல்லும் காரணம். ஆனால் இஸ்ரா பல்கலைக்கழகத்தை அதற்கு முன் பல வாரங்கள் கைப்பற்றி முகாமாக வைத்திருந்தது அந்த இராணுவமேதான். தன் கையில் இருந்த கட்டடத்துக்கே வெடி வைத்தது.

2024 மே மாதம் காஸாவின் பல்கலைக்கழக ஆசிரியர்களும் நிர்வாகிகளும் உலகத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எங்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களைத் தாண்டி நீங்களாக ஏதும் செய்யாதீர்கள், எங்கள் பல்கலைக்கழகங்கள் மூலமாகவே உதவுங்கள், அவை உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கூடாரத்தில் ஆரம்பித்த பல்கலைக்கழகங்களைக் கூடாரத்திலிருந்தே மறுபடியும் கட்டுவோம் என்றார்கள். மாட்டுத்தொழுவம் மாதிரியான ஒற்றை அறையில் ஐந்து வகுப்பை நடத்திய தோட்டப் பாடசாலையில் எழுத்துப் படித்த நமக்கு, அந்தப் பேச்சு விளங்காமல் போகுமா?

கார்த் தொழிலாளர் சங்கத்தில் ஆராய்ச்சியாளர்கள்

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய சங்கம் இருக்கிறது. 1935 இல் தொடங்கியது. இன்று அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் பல்கலைக்கழகங்களில் வேலை செய்கிறவர்கள். ஆராய்ச்சி மாணவர்கள், உதவி விரிவுரையாளர்கள், விடைத்தாள் திருத்துகிறவர்கள், ஆய்வுகூடத்தில் இரவு பகலாக நிற்கிறவர்கள். பெயர் ‘மாணவர்’, வேலை தொழிலாளி வேலை. “இவர்கள் படிக்க வந்தவர்கள், தொழிலாளர் அல்ல” என்று பல்கலைக்கழக நிர்வாகங்கள் பல வருடம் வழக்காடின. கைக்காசுக்கு வேலை செய்கிறவர் தொழிலாளியே இல்லை என்று நமது தோட்டங்களில் சொல்கிறார்களே, அதே கதைதான்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களிலும் இப்படி வேலை செய்யும் 48,000 பேர் 2022 நவம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அமெரிக்க உயர்கல்வி வரலாற்றில் அதைவிடப் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததில்லை. ஏறத்தாழ 6 வாரம் நின்று சம்பள உயர்வு வாங்கினார்கள். ‘முதலில் சம்பளம்’ என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சம்பளத்துக்குப் போராடத் தெரியாதவர்கள் அல்லர்.

2024 ஏப்ரலில் அந்த வளாகங்களில் மாணவர்கள் கூடாரம் அடித்தார்கள். காஸாவில் குண்டு போடும் நாட்டோடு, ஆயுதக் கம்பனிகளோடு நம் பல்கலைக்கழகத்துக்கு என்ன கொடுக்கல் வாங்கல், கணக்கைக் காட்டு என்பது அவர்கள் கோரிக்கை. ஏப்ரல் 30 ஆம் திகதி இரவு லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஒரு கும்பல் புகுந்து அந்தக் கூடாரங்களை மணிக்கணக்கில் தாக்கியது. அதைப் பொலிஸ் தடுக்கவில்லை. மே 2 ஆம் திகதி அதிகாலை அதே பொலிஸ் வந்து, அடிவாங்கியவர்கள் பக்கம் 200 பேருக்கு மேல் கைதுசெய்தது. கைதானவர்களில் சங்க உறுப்பினர்களும் இருந்தார்கள்.

அடித்தவன் வீட்டுக்கு, அடிவாங்கியவன் கூண்டுக்கு! இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? 1983 மே மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்களை அறை அறையாகத் தேடி அடித்தது நமக்கு மறக்குமா? அடுத்த ஜூலையில் அந்த நெருப்பு நம் லயங்களுக்கும் வந்ததே! பல்கலைக்கழகத்தில் கேள்வி கேட்பாரில்லாமல் விட்டது பிறகு தெருவுக்கு வரும் என்பதை இந்த நாட்டில் நம்மைவிட அதிக விலை கொடுத்துப் படித்தவர் யார்?

கலிபோர்னியாச் சங்கம் ஒரு கண்டன அறிக்கையோடு நிற்கவில்லை. உறுப்பினரிடம் வாக்கெடுத்தது. 79 வீதம் பேர் வேலைநிறுத்தம் செய்யலாம் என்றார்கள். மே 20 ஆம் திகதி சாண்டா குரூஸ் வளாகத்தில் தொடங்கி, வளாகம் வளாகமாக வேலை நின்றது. கோரிக்கைகளைக் கேளுங்கள்: கைதான, விசாரணைக்கு உள்ளான மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பொதுமன்னிப்பு. பேச்சு உரிமை. பல்கலைக்கழகத்தின் முதலீட்டுக் கணக்கை வெளியிடுதல். இவற்றோடு இன்னொன்று: இராணுவப் பணத்தில் ஆராய்ச்சி செய்ய மனமில்லாத ஆய்வாளர் அதிலிருந்து விலக உரிமை வேண்டும், விலகியவருக்கு வேலையும் சம்பளமும் போகாதபடி பல்கலைக்கழகம் வேறு நிதி கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ‘உனக்கு மனச்சாட்சி இருந்தால் வேலையை விட்டுப் போ’ என்பதே முதலாளியின் பேச்சு. சங்கம் சொன்னது வேறு: மனச்சாட்சியோடு வேலை செய்வதும் வேலை நிபந்தனைதான். மருந்து தெளிக்கும்போது கையுறையும் முகமூடியும் தா என்று நாம் கேட்பதில்லையா? என் கையால் என்னையே கொல்லாதே என்பது அந்தக் கோரிக்கை. என் கையால் இன்னொருவரைக் கொல்லவைக்காதே என்பது இந்தக் கோரிக்கை. இரண்டையும் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு.

ஒரே வருடம், ஒரே தந்திரம்

பல்கலைக்கழக நிர்வாகம் என்ன செய்தது? ஒப்பந்தத்தில் ‘வேலைநிறுத்தம் செய்யக்கூடாது’ என்ற வாசகத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு மாநிலத்தின் தொழில் உறவுச் சபைக்குப் போனது. சபை தடை கொடுக்க மறுத்தது. மறுபடியும் போனது. மறுபடியும் மறுத்தது. உடனே கதவை மாற்றியது. வேறொரு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் ஜூன் 7 ஆம் திகதி தடையுத்தரவு வாங்கிக்கொண்டது. வேலைநிறுத்தம் நின்றது.

அதே 2024 மே தின மேடையில் நமக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள், வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் என்ன செய்தன? உயர் நீதிமன்றம் போய் ஜூலையில் இடைக்காலத் தடை வாங்கின. செப்டெம்பரில் நம் கைக்கு வந்தது 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம், மிச்சம் 350 ரூபாய் பறித்த கிலோவுக்குக் கட்டிவைத்த கொடுப்பனவு.

கலிபோர்னியாவில் தடை வாங்கியது போருக்கு எதிரான வேலைநிறுத்தத்துக்கு. இங்கே தடை வாங்கியது சம்பளத்துக்கு. வழக்குத்தான் வேறு, வழி ஒன்று. ஒன்றில் சங்கத்தின் கையைக் கட்டப் பழகியவன் மற்றதிலும் கட்டுவான். ‘போர் அரசியல், சம்பளம் மட்டும் தொழிற்சங்கம்’ என்று நாம் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறோம். முதலாளியிடம் அப்படி ஒரு கோடு கிடையாது.

இன்னும் நேரடியான சாட்சி வேண்டுமா? நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மாணவத் தொழிலாளர் சங்கம் 2025 மார்ச்சில் புதிய ஒப்பந்தத்துக்காகப் பேச்சுவார்த்தை தொடங்க இருந்தது. அதற்கு முதல் நாள், மார்ச் 13 ஆம் திகதி, அந்தச் சங்கத்தின் தலைவரைப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. காரணம் முந்தின வருடத்துக் காஸா ஆர்ப்பாட்டம். மறுநாள் மேசையில் பேச வேண்டியது சம்பளத்தைப் பற்றி! பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் தோட்டத் தலைவருக்கு வேலை நிறுத்தக் கடிதம் கொடுத்த துரைமாரை நாம் பார்த்ததே இல்லையா?

அதே மார்ச் 25 ஆம் திகதி போஸ்டன் நகருக்குப் பக்கத்தில், ருமெய்சா ஓஸ்துர்க் என்ற துருக்கிய ஆய்வு மாணவியை முகமூடி போட்ட ஆட்கள் நடுத்தெருவில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் செய்த ‘குற்றம்’ ஒரு வருடத்துக்கு முன் மாணவர் பத்திரிகையில் வேறு மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியது. 6 வாரம் தூர மாநிலம் ஒன்றில் அடைத்து வைத்தார்கள். அவர் சேவைத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். துப்புரவுத் தொழிலாளர்களும் முதியோர் இல்லப் பராமரிப்பாளர்களும் இருக்கிற சங்கம் அது. ‘அவள் வெளிநாட்டுக்காரி, படித்தவள், நமக்கென்ன’ என்று அந்தச் சங்கம் சொல்லவில்லை. எங்கள் உறுப்பினரை விடு என்று வெளியே வந்து நின்றது. மே 9 ஆம் திகதி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் வழக்குப் போட்டது. வெளிநாட்டு மாணவரையும் ஆசிரியரையும் பேச்சுக்காகப் பிடித்து நாடுகடத்தும் அரசின் நடைமுறை அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதி ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார்.

எல்லாவற்றிலும் வென்றார்களா? இல்லை. கலிபோர்னியாக் கோரிக்கைகள் கைக்கு வரவில்லை. அதே கார்த் தொழிலாளர் சங்கத்தில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். போர் நிற்க வேண்டும் என்று அந்தச் சங்கம் 2023 டிசம்பரிலேயே சொன்னது, ஆனால் அந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை. குறை இருந்தும் தன் ஆளை விட்டுக்கொடுக்காமல் நின்றதே, அதைத்தான் பாராட்டுகிறோம்.

நம் வீட்டுக்குள்ளே

‘அது அமெரிக்கா’ என்று சொல்லாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் கலாநிதி ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை யாழ்ப்பாணத்தில் கட்டியவர்களில் அவர் ஒருவர். துப்பாக்கி எந்தப் பக்கத்துடையது என்று பாராமல் எல்லாப் பக்கத்துக் கொலைகளையும் எழுதிவைத்தது அந்த அமைப்பு. அவர் போன பிறகும் அந்தப் பதிவு வேலையை மற்றவர்கள் மறைந்திருந்து செய்தார்கள். 2006 டிசம்பர் 15 ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். ஒரு துணைவேந்தரே பட்டப்பகலில் மறைந்து போகிற நாட்டில், தோட்டத்திலிருந்து போகும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நம் மலையக இளைஞர்கள் எத்தனை பேர் வழக்கில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தார்கள்! அந்தச் சட்டம் ஓய்வெடுக்கவில்லை. 2025 மார்ச்சில் கொழும்பில், இஸ்ரேலைக் கண்டித்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது இளைஞர் ஒருவரை அதே சட்டத்தில் தடுத்துவைத்தார்கள். போஸ்டனில் கட்டுரைக்குக் கைது, கொழும்பில் ஸ்டிக்கருக்குக் கைது. மாதம்கூட ஒன்றுதான்.

இன்னொரு வழியிலும் அந்தப் போர் நம் லயத்துக்கு வந்துவிட்டது. 2023 நவம்பரில் நம் அரசு இஸ்ரேலின் விவசாய வேலைக்கு 10,000 பேரை அனுப்ப ஒப்பந்தம் போட்டது. பாலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதியை இரத்துச்செய்து, தாய்லாந்துக்காரர் உயிருக்குப் பயந்து ஊர் திரும்பிய வெற்றிடத்துக்கு, அப்போது 1,700 கூடக் கிடைக்காத நம் பிள்ளைகளைத் தேடினார்கள். போர் நடக்கும் நிலத்தில் தோட்ட வேலைக்கு நம்மைக் கூப்பிடும்போது அது ‘தொழில் வாய்ப்பு’. அந்தப் போரைப் பற்றி நாம் பேசும்போது மட்டும் அது ‘அரசியலா’?

நியாயமான ஒரு கோபம்

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கூட்டத்தில் யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் பலர் முகத்தில் இருந்தது. 1948 இல் நம் பிரசாவுரிமையைப் பறித்தபோது படித்தவர்கள் எங்கே இருந்தார்கள்? வடக்கிலும் தெற்கிலும் குரல் கொடுத்தவர்கள் சிலர் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வேடிக்கைதான் பார்த்தார்கள். இன்றும் விரிவுரை மண்டபத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் செத்துப்போகவில்லை.

இந்தக் கோபம் நியாயமானது, எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நாமும் வேடிக்கை பார்த்தால் அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நம் ஆதரவு இலவசமும் அல்ல. இந்தத் தீர்மானத்தோடு இந்த நாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களிடமும் கணக்குக் கேட்கிறோம். 2012 இல் நாட்டின் வருமானத்தில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் நீங்கள். சொந்தச் சம்பளத்தைத் தாண்டிச் சிந்திக்கத் தெரியும் என்று அன்று காட்டினீர்கள். அதே நெஞ்சு இப்போது எங்கே?

கோருவது இவை:

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கும் போராட்டத்தில் ஆசிரியர் சங்கமும் தோட்டச் சங்கமும் ஒரே மேடையில் நிற்க வேண்டும்.

பேச்சுக்காக, எழுத்துக்காகக் கைதாகும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் வழக்குச் செலவு பார்க்க ஒரு பொது நிதி வேண்டும். நமது பங்கை நாம் போடத் தயார். அந்த நிதி தோட்டத்தில் பொய் வழக்கில் மாட்டும் தொழிலாளிக்கும் திறந்திருக்க வேண்டும்.

காஸாவின் மாணவர்களுக்கு இங்கே படிப்பை முடிக்க இடம் கொடுங்கள். ஆனால் அவர்களுடைய பல்கலைக்கழகங்களைக் கேட்டு, அவற்றின் பெயரும் பட்டமும் அழியாதபடி கொடுங்கள்.

போர் நடக்கும் நிலத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தங்களைச் சங்கங்களுக்குக் காட்டாமல் கையெழுத்திடக்கூடாது.

கேள்வி கேட்ட மூத்த தலைவருக்கு ஒரு வார்த்தை. அரைப்பேரை எதிர்த்து முப்பது வருடம் சண்டை போட்டவர் நீங்கள். முழு நாள் வெயிலில் நின்றவருக்குக் கிலோ குறைந்தது என்று அரை ஆளாகக் கணக்கெழுதுவதை நீங்கள் ஒத்துக்கொண்டதே இல்லை. ஆய்வுகூடத்தில் நிற்கும் பிள்ளைக்கும் கூடாரத்தில் பாடம் சொல்லும் வாத்தியாருக்கும் நம் சங்கம் மட்டும் அரைப்பேர் போடலாமா?

தீர்மானத்தின் பிரதி இந்த மாதச் சந்தா நாளில் எல்லாத் தோட்டக் கமிட்டிகளுக்கும் வரும். லயத்தில் வாசித்துக் காட்டுங்கள். மாதர் சங்கத் தலைவிகள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேசுங்கள். உடன்படுகிறவர்கள் கையெழுத்திடுங்கள். உடன்படாதவர்கள் காரணத்தை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.